வென்றவருக்குப் படிவம் இல்லை

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முப்பத்தைந்தாம் பிரிவு, வழக்கின் செலவு வழக்கின் முடிவைப் பின்தொடர வேண்டும் என்கிறது. அதாவது தோற்றவர் தர வேண்டும். வேறு மாதிரி முடிவு செய்கிற நீதிபதி அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லாமல் வறியவராக வழக்குப் போட்டவர் வென்றால் என்ன செய்வது என்பதை முப்பத்துமூன்றாம் கட்டளையின் பத்தாம் விதி சொல்கிறது. அவர் கட்டாமல் விட்ட நீதிமன்றக் கட்டணத்தைக் கணக்கிட்டு, அதை யார் கட்ட வேண்டும் என்று டிக்ரியில் எழுத வேண்டும். அந்த ஆளிடம் அரசு வசூலித்துக்கொள்ளும். வறியவர் தோற்றால் அவரே கட்ட வேண்டும் என்பது பதினோராம் விதி. இரண்டு விதிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை எடுக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எடுப்பதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை. நான் எடுத்தேன்.

நீதிமன்ற அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பணி அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். டிக்ரி எப்படித் தயாரிப்பது என்பதை உங்கள் கையேடே சொல்லும். தயாரித்த டிக்ரி தவறு என்று தெரிந்த பிறகு, அடுத்த கால் மணி நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கையேடு சொல்லாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் திருப்பூர் வட்டாரத்து நீதிமன்றம் ஒன்றில் டிக்ரி பிரிவு எழுத்தராக இருந்தேன். தீர்ப்பு என்பது பல பக்கம். வக்கீல்கள் படிப்பார்கள், அதையும் கடைசிப் பத்தியிலிருந்து. டிக்ரி என்பது அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் தனியே எடுத்து எழுதும் தாள். ஜப்திக்குப் போகும் அமீனாவும், வசூலுக்குப் போகும் தாசில்தாரும் பார்ப்பது டிக்ரியைத்தான். நீதி நீதிபதியிடம் பிறந்தாலும் நடமாடுவது எழுத்தர் எழுதிய தாளில். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் சோளக்காடாக இருந்ததெல்லாம் மனையிடமாக மாறிக்கொண்டிருந்தது. பெருமாநல்லூர் பக்கம் தறியும் நிட்டிங் மெஷினும் வந்த வேகத்தில் வழக்குகளும் வந்தன. பணமுள்ளவர்கள் கட்டணம் கட்டி வழக்குப் போட்டார்கள். இல்லாதவர்கள் வறியவர் என்று மனுக் கொடுத்தார்கள். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் பாப்பர் வழக்கு. அபூர்வமாகத்தான் வரும். வந்தவை எல்லாம் தள்ளுபடியாயின, அல்லது வாதி வராமல் போனதால் முடிந்தன. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சோம்பேறி அல்ல, திட்டமிடுகிறவர். பாப்பர் வழக்கு முடிந்தால் டிக்ரியோடு சேர்க்க வேண்டிய அரைத்தாளை ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் எடுத்து ஒரு கட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில், “வாதி அரசுக்குச் செலுத்த வேண்டிய நீதிமன்றக் கட்டணம் ரூபாய்” என்று அச்சாகி, பிறகு ஒரு கோடு இருக்கும். கோட்டின் மேல் தொகையை நிரப்பினால் போதும். பாப்பர் வாதி வென்றால் சேர்க்க வேண்டிய தாள் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

வேலாத்தாள் வென்றார்.

அவர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து வரும் துணியை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. வயது நாற்பதுக்குள் இருக்கும். கணவர் இறந்துவிட்டார். சீட்டுக் கட்டி, நகையை விற்று, பெருமாநல்லூர் பக்கத்தில் தன் பெயரில் ஒரு சிறிய மனையிடம் வாங்கியிருந்தார். பக்கத்து நிலத்து நிட்டிங் கம்பெனிக்காரர் அதன் மேல் தகரக் கொட்டகை போட்டு நான்கு மெஷின்களை இறக்கிவிட்டார். கேட்டதற்கு, அளவு சரியில்லை என்றார். வேலாத்தாளுக்கு அந்த மனையைத் தவிர வேறு சொத்து இல்லை. வழக்கில் இருக்கிற சொத்தை வறுமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவர் வறியவர் என்று ஏற்கப்பட்டு வழக்கு நடந்தது. இடம் வாதியுடையது, கொட்டகையை எடுத்துவிட்டு ஒப்படைக்க வேண்டும், வழக்குச் செலவும் நீதிமன்றக் கட்டணமும் பிரதிவாதியே தர வேண்டும் என்று தீர்ப்பு. கடைசிப் பத்தியில் தெளிவாக இருந்தது.

அன்று என் மேசையில் பதினோரு டிக்ரிகள் இருந்தன. இந்த ஒன்று பாப்பர் வழக்கு என்பதைக் கவனித்தேன். கவனமாக இழுப்பறையைத் திறந்தேன். கவனமாக அரைத்தாளை எடுத்து, தொகையைச் சரியாகக் கணக்கிட்டு நிரப்பி, குண்டூசியால் குத்தினேன். கவனக்குறைவால் நடக்கிற தவறுகளைப் பற்றி உங்களுக்கு நிறைய அறிவுரை வரும். கவனத்தோடு நடக்கிற தவறு இன்னும் பழக்கமானது.

வரைவு டிக்ரியை வக்கீல்கள் பார்ப்பதற்காகப் பலகையில் போடுவோம். இரண்டு வக்கீல்களும் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்திட்டார்கள். ஹெட் கிளார்க் சரிபார்த்தார். நீதிபதி கையெழுத்துப் போட்டார். விதிப்படி ஒரு நகல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது. வழக்கில் தோற்றவர்கள் கட்ட வேண்டியதை அரசு வசூலிப்பதற்காக அனுப்பும் நகல் அது. அங்கே ஒருவரும் தீர்ப்பைப் படிக்க வேண்டியதில்லை. தாளில் வாதி என்று இருந்தது. வாதி வீட்டுக்குக் கேட்பு அறிவிப்பு போனது.

ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு மே மாத முற்பகலில், வேலாத்தாள் என் மேசை முன்னால் வந்து நின்றார். கோடை விடுமுறை. நீதிபதி ஊரில் இல்லை, அலுவலகத்தில் பாதிப்பேர்தான். கையில் பனியன் அடுக்குகிற அட்டைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்.

“ஏனுங் சார், இருவதாந் தேதி எத்தன மணிக்கு வரோணுமுங்க?”

எதற்கு என்று கேட்டேன்.

“எம்பட எடத்த ஒப்படைக்கறாங்கல்லோ. காயிதம் வந்திருக்குதுங்க. தேதி போட்டிருக்குது, நேரம் பதினொண்ணா ஏழான்னு புரியலீங்க. கம்பெனில லீவு சொல்லோணும்.”

பெட்டியைத் திறந்தார். டிக்ரி நகல் அடியில் இருந்தது. அதன் மேல் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த கேட்பு அறிவிப்பு, அதற்கு மேல் ஜப்தி அறிவிப்பு, அதற்கு மேல் ஏல அறிவிப்பு. வந்த வரிசைப்படி, மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். எதற்கும் பதில் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“செயிச்சதுக்கு வர்ற காயிதம்னு நெனச்சனுங்க” என்றார்.

இருபதாம் தேதி பதினொரு மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் அவருடைய மனையிடம் ஏலம் விடப்பட இருந்தது. அன்று பதினாறு.

ஏல அறிவிப்பில் காரணம் எழுதியிருந்தது: வாதி செலுத்தத் தவறிய நீதிமன்றக் கட்டணம். நான் டிக்ரியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் நிரப்பிய தொகை. தொகை சரியாகத்தான் இருந்தது.

அவரை உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். ஒப்படைப்பு இல்லை, ஏலம் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தவறு என்னுடையது என்பதை ஒரு தடவைதான் சொன்னேன். அது உடனே புரிந்துவிட்டது. அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிக்ரியின் அரைத்தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தொழில் பழக்கம்.

“உங்க வேலைக்குச் செக்கிங் கெடையாதுங்களா?”

“இருக்குது. எனக்கப்புறம் நாலு பேர் பார்த்தாங்க.”

“நாலு பேர் பாத்துமா இவ்வளவு பெரிய ஓட்ட தெரியலீங்க?” என்றார். “எங்க கம்பெனில இப்புடி ஒரு பீஸ் கீழ போச்சுன்னா அன்னைக்கே கூலிய வெட்டிப்போடுவாங்க.”

அவர் சொன்னது உண்மை. எங்கள் வேலையில் துணி கிழிந்தால் கூலி வெட்டப்படுவது உடுத்துகிறவருக்குத்தான்.

எழுத்துப் பிழையைத் திருத்த நூற்றைம்பத்திரண்டாம் பிரிவு இருக்கிறது. ஆனால் திருத்துவது நீதிபதி. நீதிபதி ஜூனில்தான் வருவார். கோயம்புத்தூரில் விடுமுறைக்கால நீதிமன்றம் இருந்தது. அங்கே மனுப் போட வக்கீல் வேண்டும். வேலாத்தாளின் வக்கீல் குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை போயிருந்தார். வேறு வக்கீலைப் பிடித்து, வழக்குக் கட்டை இங்கிருந்து அங்கே வரவழைத்து உத்தரவு வாங்குவதற்கு நான்கு நாள் போதாது. நடுவில் ஒரு ஞாயிறு வேறு.

நகல் பிரிவிலிருந்த நண்பர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலாத்தாள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் வந்து, இதில் கஷ்டமே இல்லை என்றார். நீதிபதியின் கையெழுத்து டிக்ரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அரைத்தாளில் கையெழுத்து இல்லை, குண்டூசி மட்டும்தான். வேறு அரைத்தாள் தட்டச்சு செய்து குத்திவிட்டால், புது நகல் ஒன்று எடுத்துத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பலாம். முன்னே போனது நகல் எடுத்ததில் வந்த பிழை என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை. தீர்ப்பும் அதைத்தானே சொல்கிறது?

நண்பர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிப்பதும் எளிதில்லை. உண்மையைப் பதிவேட்டில் வைப்பதற்காகப் பதிவேட்டை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். நான் கட்டை எடுத்து வந்தேன். குண்டூசியை உருவும்வரை போனேன். உருவிய குண்டூசி கையில் இருக்கும்போது சிரஸ்தார் உள்ளே வந்தார்.

அலுவலகத் தலைவரான சிரஸ்தார் திருநெல்வேலிக்காரர். எங்கள் பக்கத்துப் பணிவான பேச்சு பதினைந்து வருடத்திலும் அவருக்கு ஒட்டவில்லை. என் கையையும் கட்டையும் மேசை மேலிருந்த பெட்டியையும் பார்த்தார். விவரம் கேட்டார். சொன்னேன். குண்டூசியைப் பழைய ஓட்டையிலேயே திரும்பக் குத்தச் சொன்னார். குத்தினேன்.

அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஏலத்தை நிறுத்தும்படி தாசில்தாருக்கு நான் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“நிறுத்தச் சொல்ல உமக்கு ஏதுவே அதிகாரம்? எனக்கும் கெடயாது” என்றார். “ஆனா தப்பு என்னோடதுன்னு எழுத எவன் அனுமதியும் வேண்டாம். அத எழுதும்.”

எழுதினேன். முதல் வரைவில், டிக்ரியில் தவறு நேர்ந்துவிட்டதாகத் தெரிய வருகிறது என்று எழுதியிருந்தேன். அரசு அலுவலகத்தில் எல்லாம் நேரும்; யாரும் எதையும் செய்வதில்லை. சிரஸ்தார் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“நேர்ந்துச்சாவே? மழையா அது, நேர்றதுக்கு? யாரு செஞ்சான்னு போடும்.”

நான்காவது வரைவு இப்படி அமைந்தது. தீர்ப்பின்படி கட்டணம் கட்ட வேண்டியவர் பிரதிவாதி. டிக்ரி பிரிவு எழுத்தராகிய நான் தவறான படிவத்தைச் சேர்த்து வாதி கட்ட வேண்டும் என்று எழுதிவிட்டேன். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்துள்ளேன். திருத்தத்துக்கு ஜூன் மாதம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும். நிறுத்துங்கள் என்ற சொல் அதில் இல்லை. கீழே என் பெயர், பதவி, தேதி. சிரஸ்தார் தன் கையெழுத்தைப் போடவில்லை. நான் போட்டது போதும் என்றார். அது நல்ல ஆலோசனையா, தன்னைக் காத்துக்கொள்ளும் யோசனையா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றாக இருப்பதில் தவறும் இல்லை.

கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். இருபதாம் தேதி தற்செயல் விடுப்பு எடுத்து, இன்னொரு பிரதியோடு வேலாத்தாளுடன் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் ரெக்ஸின் பை. வேலாத்தாள் நின்றுவிட்டார்.

“அது அவங்க மேனேசருங்க” என்றார்.

நிட்டிங் கம்பெனியின் மேனேஜர் முன்பணத்தோடு ஏலம் கேட்க வந்திருந்தார். கட்டணம் கட்ட வேண்டியவர் கட்டவில்லை. அந்தக் கட்டணத்துக்காக வென்றவரின் இடம் ஏலத்துக்கு வந்தது. அதை, கட்ட வேண்டியவரே கட்டணத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இதில் சட்ட மீறல் எங்கும் இல்லை. என் அரைத்தாளைத் தவிர. மேனேஜர் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார். வேலாத்தாளிடமும் மரியாதையாகவே பேசினார்.

“என்னுங்க அக்கா, நீங்களும் ஏலம் கேக்க வந்தீங்களா?”

“எம்பட எடத்த நான் எதுக்குங்க கேக்கோணும்?” என்றார் வேலாத்தாள். “நீங்க வேணா இந்த மரத்தடியிலயே நின்னுக்கங்க. இன்னைக்கு வெயிலுக்கு நெழலாச்சும் கெடைக்கும்.”

தாசில்தார் கடிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். தீர்ப்பின் நகலை அவர் புரட்டக்கூட இல்லை. மூன்றாம் தடவையாக என் கடிதத்தின் கடைசி வரிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இத எழுதினது நீங்களா?”

“ஆமாங்க.”

“கையெழுத்து உங்களுது?”

“ஆமாங்க.”

“நாளைக்கு மேலிடத்துல கேட்டா, நான் அப்படி எழுதலைன்னு சொல்ல மாட்டீங்களே?”

“சொல்ல மாட்டேனுங்க.”

அவர் முகம் தெளிந்தது. கோப்பில் பச்சை மையால், நீதிமன்ற எழுத்தரின் கடிதத்தை முன்னிட்டு ஏலம் ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதினார். என் பெயரையும் முழுதாக எழுதிக்கொண்டார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஓர் அதிகாரியிடம் நியாயத்தைக் கொண்டுபோனால் அவர் சங்கடப்படுவார். நாளைக்குக் காட்டுவதற்கு இன்னொருவர் பெயருள்ள தாளைக் கொண்டுபோனால், அந்த நியாயத்தையே மகிழ்ச்சியோடு செய்வார். இதைக் கசப்போடு சொல்லவில்லை. அன்று அது ஒரு மனையைக் காப்பாற்றியது.

வெளியே வந்ததும், ஒத்திவைத்தது மறுபடி வருமா என்று வேலாத்தாள் கேட்டார். வரலாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மதியத்துக்கு மேலாவது கம்பெனிக்குப் போனால் அரை நாள் கூலி கிடைக்கும் என்று பஸ் ஏறினார்.

ஜூனில் புதிய நீதிபதி வந்தார். இரண்டாம் வாரத்தில் டிக்ரி திருத்தப்பட்டது. நான்காம் வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. ஆதாரம் தேட வேண்டிய சிரமம் யாருக்கும் இல்லை; நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆறு மாதச் சம்பள உயர்வு நிறுத்தம். அதற்கான குறிப்பைத் தயாரித்தவர் சிரஸ்தார். அழகான குறிப்பு, ஒரு சொல் கூடுதல் கிடையாது. வென்ற வாதிக்கும் ஒரு படிவம் சைக்ளோஸ்டைல் எடுத்து வைக்க வேண்டும் என்று அதில் பரிந்துரையும் செய்திருந்தார். நானே ஸ்டென்சில் வெட்டினேன். இருபத்தைந்து பிரதி. நான் மாறுதலாகிப் போனபோது இருபத்துமூன்று மிச்சம் இருந்தன.

அமீனா போய் இடத்தை ஒப்படைத்தார். கம்பெனிக்காரர் தகராறு செய்யவில்லை. அதற்குள் வேலம்பாளையத்தில் பெரிய இடமாக வாடகைக்குப் பிடித்துவிட்டார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்தாம் விதியை நான் முழுதாகப் படிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கட்டணத்தைத் தோற்றவர் கட்ட வேண்டும் என்று சொல்கிற அதே விதி, அந்தக் கட்டணம் வழக்குச் சொத்தின் மீது முதல் பொறுப்பாக, மற்றக் கடன்களுக்கு முன்னால், நிற்கும் என்றும் சொல்கிறது. ஆளிடம் வசூலிக்கலாம், அல்லது சொத்திலிருந்து வசூலிக்கலாம் என்பது பதினான்காம் விதி. வருவாய் ஆய்வாளர் ஆளைத் தேடிப் போனார். கட்டடம் வாடகை. மெஷின் வேறொருவருடையது. வீடும் அந்தப் பக்கத்து நிலமும் மனைவி பெயரில், கார் மைத்துனர் பெயரில். ஜப்தி செய்யத்தக்க சொத்து எதுவும் பிரதிவாதிக்கு இல்லை என்று அறிக்கை வந்தது. அறிக்கை எழுதப்பட்ட வாரத்தில் அவருடைய கம்பெனியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி போய்க்கொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணில், அந்த வழக்கின் இரண்டு தரப்பில் சொத்துள்ளவர் வேலாத்தாள் ஒருவர்தான்.

ஏலம் ஒத்திவைக்கப்பட்டதே தவிர, ஜப்தி நீக்கப்படவில்லை. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றில் நின்றது. வீடு கட்டக் கடன் கேட்டு வேலாத்தாள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனபோது, இதை நீக்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் இடம் அவர் கைக்கு வந்துவிட்டது. அதில் வேலி போடலாம், முருங்கை நடலாம். வீடு கட்ட முடியாது.

கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதினோம். பிரதிவாதியிடமே வசூலிக்க வேண்டும், வாதியின் சொத்து மீதான ஜப்தியை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. முதல் கடிதம் 1988இல் போனது. பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினோம். உங்கள் முதல் கடிதம் கிடைக்கப்பெறவில்லை, நகல் அனுப்பவும் என்று வந்தது. அனுப்பினோம். பிறகு எனக்கு மாறுதல். மூன்று வருடம் கழித்து ஹெட் கிளார்க்காக அதே நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தபோது, அந்தக் கோப்பை முதலில் கேட்டு வாங்கினேன். நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. மறுபடி நினைவூட்டு. காலாண்டுக்கு ஒன்று. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் வேறு யாருக்கும் கடிதம் எழுதியதில்லை.

அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாளில் வேலாத்தாள் வந்தார். மனை வரி சம்பந்தமாக ஏதோ கேட்க வந்தவர். உங்கள் விஷயமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டினேன். அவர் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்.

“அது கட்டிப்போட்டனுங்க.”

“எது?”

“அந்தக் கோர்ட்டுப் பணந்தானுங்க. தாலுகா ஆபீசுல மாசாமாசம் கட்டலாம்னாங்க. ரெண்டு வருசமா ஓவர்டைம் காச அங்கதான் கட்டினனுங்க. போன தைப்பொங்கலோட தீந்துது. இன்னும் அந்தக் காயிதந்தான் வரோணும்.”

அவர் கட்ட வேண்டியதில்லை என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். பத்தாம் விதியை எடுத்துச் சொன்னேன். தீர்ப்பின் கடைசிப் பத்தியைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரிங்க. அவரு கட்டறவரைக்கும் காத்திருந்தா நான் எப்ப ஊடு கட்டறதுங்க?”

பணம் கட்டிய சலான்களை அதே அட்டைப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த தடவை வரும்போது கொண்டுவரச் சொல்லிவிட்டு, அன்றைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: தொகை முழுவதும் வசூலாகிவிட்டதாக அறிகிறேன், ஜப்தியை நீக்க வேண்டுகிறேன்.

பதில் வந்த அன்று அவருக்குக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தலையில் பஞ்சுத் தூசி. கையில் பெட்டி. நான் கடிதத்தைப் படித்தேன். எங்கள் 1988ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பார்வையில் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். நீதிமன்றத்தின் திருத்திய டிக்ரியின்படி நீதிமன்றக் கட்டணம் முழுவதும் பிரதிவாதியிடமிருந்து வசூலிக்கப்பட்டுவிட்டது, வாதியின் சொத்து மீதான ஜப்தி நீக்கப்படுகிறது, கோப்பு முடிக்கப்படுகிறது.

“யாருகிட்டருந்துங்க?” என்றார்.

பெட்டியிலிருந்த சலான்களை வாங்கிப் பார்த்தேன். இருபத்துநான்கு சலான்கள். ஒவ்வொன்றிலும் பணம் கட்டுபவர் என்ற இடத்தில் நிட்டிங் கம்பெனிக்காரரின் பெயர். தாலுகா எழுத்தர் டிக்ரியைப் பார்த்து, கட்ட வேண்டியவர் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார். இந்தத் தடவை யாரும் தவறு செய்யவில்லை. பதிவேட்டின்படி முப்பத்தைந்தாம் பிரிவும் பத்தாம் விதியும் முழுமையாக நிறைவேறியிருந்தன. தோற்றவர் கட்டிவிட்டார்.

அவருக்காகக் கட்டிய பணத்தை அவரிடமிருந்து கேட்டு வழக்குப் போடலாம், சலானில் பெயர் அவருடையதாக இருப்பதால் நிரூபிப்பது கஷ்டம், ஆனாலும் போடலாம் என்று சொன்னேன்.

“மறுபடியும் பாப்பராப் போடோணுமுங்களா?”

முடியாது என்றேன். முன்பு அந்த இடம் வழக்கில் இருந்தது, கணக்கில் வரவில்லை. இப்போது வில்லங்கமில்லாத சொத்து அவர் பெயரில் இருக்கிறது. ஆகவே கட்டணம் கட்டித்தான் வழக்குப் போட வேண்டும். அவர் இனி சட்டப்படி வறியவர் இல்லை.

“அப்ப நான் முன்னேறிட்டனுங்க” என்றார் வேலாத்தாள். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “போகுதுங்க. பணம் அவரு கட்டினதாவே இருந்துட்டுப் போகுது. எடம் எம்பட பேர்லதான இருக்குது? அந்தக் காயிதத்துக்கு ஒரு நகல் குடுங்க. சங்கத்துல கேப்பாங்க.”

நகலை நானே எழுதினேன். தீர்ப்போடும் திருத்திய டிக்ரியோடும் இரண்டு தடவை ஒப்பிட்டேன். எழுதி முடித்ததும் அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் சன்னலுக்கு நேரே பிடித்து, மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மூலக் கடிதத்தை உள்வரும் தபால் பதிவேட்டில் ஏற்றினேன். வருவாய்த் துறையில் நிதியாண்டு முடிகிற நாளில் தேங்கிய கோப்புகளை முடித்துக் காட்ட வேண்டும் என்பது அந்தத் தேதியைப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது. பதில் வந்து சேர்ந்த தேதி: 31-3-1994.